பாதத்தை மறைத்த அட்டை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை காலியான வருஷம், நான் வேலை பார்த்த சிறிய தனியார் அருங்காட்சியகத்தின் சாமிப் படங்கள் பெட்டிகளில் விழுப்புரத்துக்கு வந்தன. அவற்றோடு நானும் வந்தேன்.

2. ரயில் சந்திப்புக்கு அருகே மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கும் கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்தோம். படங்கள் பெட்டியில் சும்மா கிடக்க வேண்டாம், மாட்டி வைத்து ஜனங்களுக்குக் காட்டலாம் என்று சென்னையில் முடிவு செய்தார்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவரைக் காப்பாளராக நியமித்தார்கள்.

3. படங்களில் ஒன்று, திண்டிவனத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பூஜையில் இருந்த அம்மன் படம். அந்த வீட்டின் இளைய மகன் அதை எங்கள் அருங்காட்சியகத்துக்கு விற்றிருந்தார். வீட்டிலோ, பழுது பார்க்க அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருந்தார்.

4. சென்னையில் அந்தப் படத்தைச் சுத்தம் செய்தபோது, அம்மனுக்குப் பாதங்கள் இல்லை என்று தெரிந்தது.

5. காப்பாளர் அந்த இடத்தை அட்டையால் மறைத்துச் சட்டம் போட்டார்.

6. அந்த வீட்டின் மூத்த மருமகள், படம் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார்.

ஏழாவதை எழுதுவதற்கு முன், காப்பாளர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏழாவது சாதாரணமாகத் தெரியும்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு குறையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. சரி செய்ய முடிந்தால் செய்வார், பெரும்பாலும் முடியாது, ஆகவே மூடிவிடுவார். சித்திரை வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. உள்ளே சட்டை கிழிந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் நாற்காலியில் பிரம்பு அறுந்த இடத்தில் மடித்த துண்டு கிடக்கும். மேஜையில் மை கொட்டிய இடத்தில் ஒற்றுத்தாள், அந்த ஒற்றுத்தாளே கறையான பிறகு அதன்மேல் இன்னொரு ஒற்றுத்தாள். கிடங்கின் மேற்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதன்மேல் ஜில்லா வரைபடத்தை மாட்டினார். மழைக்காலத்தில் விரிசல் நீண்டு வரைபடத்துக்கு வெளியே வந்தது. அவர் வரைபடத்தைச் சாய்த்து மாட்டினார். தென்னாற்காடு ஜில்லா கொஞ்ச காலம் ஒரு பக்கமாகச் சரிந்தே கிடந்தது.

உட்கார்ந்த இடத்தில் அவர் இருக்கமாட்டார். அதற்குக் காரணம் ரயில். சரக்கு வண்டிகளைப் பின்னும் முன்னும் தள்ளிக் கோக்கும்போதெல்லாம் கிடங்கு அதிரும், படங்கள் ஆணியில் அசைந்து கோணலாகும். சண்டைக் காலம், ராணுவ வண்டிகள் வேறு. அவர் எழுந்துபோய் ஒவ்வொரு படமாக இரண்டு விரலால் நிமிர்த்திக்கொண்டே வருவார். கடைசிப் படத்தை அடையும்போது அடுத்த வண்டி வந்துவிடும். அவரோடு பேச வேண்டுமென்றால் நானும் கூடவே நடக்க வேண்டும். எங்கள் சண்டைகள் எல்லாம் நடந்துகொண்டே போட்டவைதாம்.

தினமும் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வருவார். வண்டியைத் தவறவிட்ட நாளில் தவறவிட்டேன் என்று அவர் வாயில் வராது. "அந்த வண்டியில ஒரே கூட்டம்மா. நாமளே வுட்டுட்டோம்" என்பார்.

அவர் வேலையை விளக்க ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஜன்னல் போல வெட்டிய ஓர் அட்டையை வைப்போம். மவுண்ட் என்று பெயர். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் விலக்கி நிறுத்துவது அதன் வேலை. பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் கொண்டுபோய் விடுவதும் அதன் வேலை. காப்பாளர் அதற்கு இன்னொரு வேலை கொடுத்தார். எங்கே சேதமோ அங்கே அட்டை வந்துவிடும். எங்கள் படங்கள் எல்லாம் பழையவை, புகையும் எண்ணெயும் பூச்சியும் பட்டவை. சென்னையில் சுத்தம் செய்தபிறகு அழுக்கு போய்விட்டது, சேதம் மட்டும் பளிச்சென்று நின்றது. பசுவோடு நின்ற கிருஷ்ணன் படத்தில் பசுவைக் கரையான் தின்றிருந்தது. காப்பாளர் வெட்டிய ஜன்னலில் பசுவே இல்லை. கிருஷ்ணன் யாருக்கோ குழல் ஊதிக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தி சுட்ட ஒரு மாதா படத்துக்கு முட்டை வடிவ ஜன்னல் வெட்டினார். அந்தப் படம் இருந்த தேவாலயத்திலிருந்து உபதேசியார் ஒருவர் பார்க்க வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க கோயில்ல இருந்தப்ப மாதா இவ்ளோ அழகா இல்லீங்களே" என்றார். காப்பாளர் அன்று முழுவதும் அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தார்.

அட்டை கிடைக்காத காலம். ஜவுளிக்கடைப் பெட்டி, பழைய காலண்டரின் முதுகு, எது கிடைத்தாலும் கொண்டுவருவார். சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டுவார். வெட்டு சுத்தமாக இருக்கும். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஒப்பாதது வேறு.

நான் ரசாயனம் படித்தவள். படங்களைச் சுத்தம் செய்யவும் பாதுகாக்கவும் ஒரு வருஷம் பயிற்சி பெற்றவள். சேதம் தெரிய வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். போன இடத்தில் புதிதாக எதையும் வரையக்கூடாது, பக்கத்து நிறத்தைவிட ஒரு படி மங்கலாக ஒரே நிறம் பூசிவிட்டால் போதும், கண் தானாகத் தாண்டிப் போகும். இதை நான் அவரோடு நடந்துகொண்டே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"தாண்டிப் போவாதும்மா" என்பார். "கண்ணு ஓட்டையத்தான் தேடும். பல்லு விழுந்த எடத்துக்கு நாக்கு போறாப்ல போய்க்கினே இருக்கும். நாமதான் வேற பக்கம் இட்டுக்கினு போவணும்."

"அப்போ பார்க்கிறவருக்கு உண்மை தெரியாதே சார்?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறாங்க? அவங்க வூட்ல இல்லாத ஓட்டையா?"

அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். மகளுக்கு வளைகாப்பு. கூடத்துச் சுவர் தெரியாமல் காலண்டர்கள். எல்லாமே பழைய வருஷத்தவை. நான் அவற்றைப் பார்ப்பதை அவர் மனைவி கவனித்துவிட்டார்.

"தூக்கிப் பாரும்மா" என்றார். "ஒண்ணொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு ஓட்ட இருக்கும். சுண்ணாம்பு வாங்கியாய்யான்னா காலண்டரு வாங்கியாறாரு. என்னையும் ஒரு பிரேமு போட்டு மாட்டிட்டா மனுஷன் நிம்மதியா இருப்பாரு."

"உனக்கு எந்த எடத்துல ஜன்னலு வெட்றதுன்னுதான் தெரியல" என்றார் காப்பாளர், பந்தியில் இலை போட்டுக்கொண்டே. அந்த அம்மாள் உட்படக் கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது ரயிலில், அந்த மனிதர் எதையாவது திறந்தபடி விட்டிருக்கிறாரா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

இனி அம்மன் படம். பலாப்பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புச் சுதை பூசி, பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்து வரைந்த படம். தஞ்சாவூர்ப் பாணி. ஒரு முழ உயரம் இருக்கும். அம்மன் தாமரைப் பீடத்தில் நிற்கிறாள். புடவைக் கரை முடியும் இடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே இரண்டு பாதங்கள் இருக்க வேண்டும். அங்கே காய்ந்து இறுகிய சந்தனமும் குங்குமமும் ஒரு விரல் தடிப்புக்கு ஏறியிருந்தன. சென்னையில் அதை நனைத்து எடுத்தபோது கீழே வெள்ளைச் சுதைதான் இருந்தது. கோடு இல்லை, நிறம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தொட்டுத் துடைத்துப் பாதத்தைத் தேய்த்துவிட்டார்கள் என்று நாங்கள் முடிவு செய்தோம். காப்பாளர் அட்டையின் கீழ்க்கட்டையை, அதாவது ஜன்னலுக்குக் கீழே வரும் பட்டையை, அகலமாக விட்டு, புடவைக் கரையோடு ஜன்னலை முடித்தார். அம்மன் கணுக்காலுக்குக் கீழே ஒரு மேகத்தில் நிற்பது போல இருந்தது. அழகாகவே இருந்தது.

படம் இருந்த திண்டிவனத்து வீட்டின் மூத்த மருமகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் வாழையிலை மூடிய வெண்கலக் கிண்ணம். மற்றப் படங்கள் எதையும் பார்க்கவில்லை. நேராக அம்மன் முன்னால் போய் நின்றார். கண் மேலிருந்து கீழே இறங்கி அட்டை விளிம்பில் நின்றது. குனிந்தார். கதவிடுக்கு வழியாக உள்ளே பார்ப்பது போல, தலையைச் சாய்த்து அட்டைக்குக் கீழே பார்க்க முயன்றார்.

"ஐயா, காலு எங்க?"

"உள்ள இருக்குதும்மா" என்றார் காப்பாளர். "அட்டைக்குப் பின்னால பத்திரமா இருக்குது. வெளிச்சம் படக்கூடாதுன்னு மூடி வச்சிருக்கோம்."

"மொகத்துல வெளிச்சம் படலாமா?"

அவர் சட்டத்தை இரண்டு விரலால் நிமிர்த்தினார். அது நேராகத்தான் இருந்தது. "மொகம் கெட்டிச் சாயம்மா."

"வூட்டுக்கு எப்ப வரும்?"

"சண்ட முடியட்டும். அது வரிக்கும் பெட்டியத் தொறக்கவே ஆர்டர் இல்ல."

படம் பெட்டிக்கு வெளியே, அந்த அம்மாளின் முகத்துக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் படத்தையும் காப்பாளரையும் மாறிமாறிப் பார்த்தார். கிண்ணத்தைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அவர் கணவர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதப் போயிருந்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபின் கடிதம் நின்றுவிட்டது. அவர் திரும்பி வரும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் பாதத்துக்குச் சந்தனம் வைப்பதாக வேண்டுதல். படம் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அது நின்றிருந்தது.

"சொல்லிவிடலாம் சார்" என்றேன், அவர் பின்னாலேயே நடந்து. "பாதம் தேய்ந்துபோய்விட்டது, படம் விற்றாகிவிட்டது. இரண்டையும் சொல்லிவிடலாம்."

"எப்படிம்மா சொல்றது? உங்க கையாலயே தேச்சிட்டீங்கன்னா?" கிருஷ்ணனை நிமிர்த்தினார். "புருஷன் எங்க இருக்கான்னு தெரியல. இப்ப கொழுந்தன் வூட்ல, அவன் போடற சோத்தத் தின்னுக்கினு இருக்குது. அவந்தான் வித்தான்னு நீ சொல்லிட்டுப் போயிடுவ. அது அந்த வூட்டுக்குள்ளாற போய்க் குந்த வேணாமா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் மனம் ஓயவில்லை. மறைப்பதற்கு அவரிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த அம்மாள் அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். அட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பார். ஸ்குரூ துருப்பிடித்துவிட்டது என்பார் காப்பாளர். ஸ்குரூ கழற்றும் திருப்புளி சென்னையில் இருக்கிறது என்பார். அமாவாசை கழியட்டும் என்பார். இருவரும் திண்டிவனத்தில் ஒரே பாசஞ்சரில் ஏறுகிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் காப்பாளர் கடைசிப் பெட்டிக்குப் போய் உட்காருவார். மயிலம் வருவதற்குள் அந்த அம்மாள் கண்டுபிடித்து எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்.

"பேஜாரா இருக்குதும்மா" என்று காப்பாளர் ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவிச்ச மல்லாட்டையக் கையில குடுத்துட்டு, ஒண்ணும் பேசாம மூஞ்சியப் பாத்துக்கினே வருது. துன்னவும் முடியல, வேணாங்கவும் முடியல."

ஆடி முதல் வெள்ளியன்று அந்த அம்மாள் தலை முழுகிய ஈரத்தோடு வந்தார். வெளியே வண்டி கோத்துக்கொண்டிருந்தார்கள். காப்பாளர் படம் படமாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கிண்ணத்தை அவர் மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, அந்த அட்டைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவர் விரல்கள் மாதா படத்தின் சட்டத்திலேயே நின்றுவிட்டன.

"நான் கண்ணாலம் ஆயி அந்த வூட்டுக்கு வந்தப்பவே இல்ல. எங்க மாமியா வந்தப்பவும் இல்லியாம். வெள்ளிக்கு வெள்ளி சந்தனத்துல நாங்க வைக்கிறோமே, அதான் பாதம். மருமவ வந்தா அவளுக்கு மொதல்ல அதத்தான் காட்டிக் குடுப்பாங்க. அதப்போய் அழுக்குன்னு வழிச்சிட்டீங்க. போவட்டும், உங்களுக்குத் தெரியாது. எடத்தக் காட்டுங்க, வச்சிட்டுப் போறேன்."

"தெரிஞ்சிக்கினேவாம்மா இத்தினி வாரமா கேட்ட?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மூடுவதற்குக் கையில் எதுவும் இல்லாமல் அவர் நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு படத்தை இறக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் கவிழ்த்தார். துருப்பிடித்ததாகச் சொன்ன ஸ்குரூக்கள் விரலால் திருகியதுமே வந்தன. மவுண்டை எடுத்து, பிளேடைச் சாய்த்து, கீழ்க்கட்டையை ஒரே இழுப்பில் வெட்டி எடுத்தார்.

அந்த அம்மாள் வெள்ளை இடத்தைப் பார்த்தார். "நல்லா வெளுத்துட்டீங்க, டீச்சரம்மா" என்றார் என்னிடம். படித்த பெண் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சரம்மாதான். விரலைக் கிண்ணத்துக்குள் விட்டார்.

நான் குறுக்கே கை நீட்டினேன். பலகைமேல் வைக்க விட முடியாது என்றேன். முன்பு எண்ணெயும் புகையும் ஏறி அந்த இடம் இறுகியிருந்தது. இப்போது சுத்தம் செய்த சுதை வெறுமையாக இருக்கிறது. ஈரம் பட்டால் குழைந்து சந்தனத்தோடு வந்துவிடும், பாதத்தோடு பீடமும் போய்விடும். இது எவ்வளவு கெஞ்சினாலும் மாறாத விஷயம்.

"அப்ப எங்க வைக்கிறது?"

"கண்ணாடி மேல" என்றார் காப்பாளர்.

சொல்வது சுலபம். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. கல் பதித்த படம் என்பதால் அதைக் குறைக்க முடியாது. கண்ணாடியில் வைக்கிற பாதம், நேர் எதிரே ஒரே ஓர் உயரத்தில் கண் இருந்தால்தான் அம்மனோடு சேரும். மேலிருந்து பார்த்தால் இறங்கிப்போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் விலகிப்போகும். காப்பாளருக்கு இதை நான் சொல்லி முடிப்பதற்குள், வீட்டில் எப்படிப் பூஜை செய்வீர்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டுவிட்டார். "குந்திக்கினுதான்" என்றார் அவர். ஒரு பாயைப் போட்டு அவரை உட்கார வைத்து, படத்தை அவர் கண்ணுக்கு நேராகத் தாழ்த்தி மாட்டினார். மற்றப் படங்கள் எல்லாம் நிற்பவர் உயரத்தில் இருக்க, அது மட்டும் தரையோடு உட்கார்ந்தது.

அந்த அம்மாள் பெருவிரலின் பக்கவாட்டைச் சந்தனத்தில் தோய்த்துக் கண்ணாடியில் அழுத்தினார். உள்ளங்கால் விழுந்தது. ஈர்க்குச்சி நுனியால் விரல்களை வைத்தார். மேலே குங்குமம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நின்று பார்த்தவர்களுக்குப் பாதம் பீடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஸ்டேஷன் குமாஸ்தா ஒருவர், "என்ன சார், அம்மன் பிளாட்பாரத்துல எறங்கிட்டா போல" என்றார். முன்பாக இருந்தால் காப்பாளர் அன்றைக்கே ஓர் அட்டை வெட்டியிருப்பார். இப்போதோ, "குந்திப் பாருங்க சார், சரியா இருக்கும்" என்றார். கால்சட்டை போட்ட குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது கிண்டல் செய்யவில்லை.

ஆனால் விற்ற விஷயம் மூடியே இருந்தது. சண்டை முடிந்ததும் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கூண்டு வண்டி பேசியிருப்பதாக அந்த அம்மாள் சொல்வார். காப்பாளர் தலையாட்டுவார். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

ஏழாவது இதுதான். அருங்காட்சியகத்தின் செயலாளர் சென்னையிலிருந்து பார்வையிட வந்தார். வெள்ளிக்கிழமை வருவதாக முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. வெட்டியெடுத்த கீழ்க்கட்டையைக் காப்பாளர் எறியவில்லை, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். அன்று காலை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு சொட்டுப் பசை போதும், பழையபடி பொருந்திவிடும்.

"கண்ணாடியைத் துடைக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. அந்தம்மா வந்து வைக்கட்டும்" என்று சொல்லி அட்டையை உள்ளே வைத்தார்.

செயலாளர் வந்தபோது அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து இரண்டாவது பாதத்துக்கு விரல் வைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் மரியாதையானவர், சத்தம் போடாதவர்.

"என்ன சார் இது? கோயில் நடத்துறீங்களா?"

"இல்லீங்க சார்."

"கண்ணாடியில என்ன?"

"பாதம் சார்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"நான்தான் சார்."

"நாம விலை கொடுத்து வாங்கின பொருள். வெளியாள் யாரோ வந்து அதுல கை வைக்கிறாங்க. நீங்க பாய் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

ஈர்க்குச்சி கண்ணாடியிலேயே நின்றது. அந்த அம்மாள் திரும்பினார். செயலாளரைப் பார்க்கவில்லை, காப்பாளரைப் பார்த்தார்.

"வெல குடுத்தா?"

"ஐயா வேற படத்தைச் சொல்றாரு." காப்பாளர் இப்படிச் சொன்னால் போதும். ஒரே வாக்கியம். அவர் குரலில் அது எப்படி ஒலிக்கும் என்பதுகூட என் காதில் கேட்டுவிட்டது. வெளியே எஞ்சின் இடித்து வண்டிகள் அதிர்ந்தன, சுவரெல்லாம் படங்கள் கோணின. அவர் எதையும் நிமிர்த்தப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஆமாம்மா. உங்க கொழுந்தன் வித்துட்டாரு. எனக்கு மொதல்லியே தெரியும். உங்ககிட்ட பொய் சொல்லிக்கினு இருந்தேன். படம் வூட்டுக்கு வராது."

அந்த அம்மாள் படத்தின் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த விரல்களை வைத்தார். குங்குமம் வைத்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். இப்போது செயலாளரிடம் கேட்டார்.

"நான் வர்ற வெள்ளிக்கெழம வரலாங்களா, வரக்கூடாதா?"

"பார்க்கிறதுக்கு யார் வேணும்னாலும் வரலாம்மா. தொடக்கூடாது."

"நான் அம்மனத் தொடலீங்களே. டீச்சரம்மா வுடல. கண்ணாடியத்தான் தொட்டேன்."

"கண்ணாடியும் எங்களுதுதாம்மா" என்றார் செயலாளர். கடுமையாகச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அட்டையைத் திரும்பப் பொருத்தச் சொல்லிக் காப்பாளருக்கு உத்தரவானது. அவர் இழுப்பறையைத் திறந்து கீழ்க்கட்டையை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தார். "இதான் சார் அட்ட. ஒட்ட வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார். அந்த மாதத்தோடு அவர் வேலை போனது. சென்னையிலிருந்து ஓர் ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து நான் திண்டிவனம் போனேன். அந்த வீட்டில் இப்போது இரண்டு அடுப்பு. கொழுந்தனோடு பேச்சில்லை. ஒரே கூரையின்கீழ் அந்த அம்மாள் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டார். கூலிக்குக் களை எடுக்கப் போவதாகச் சொன்னார். சொந்த நிலம் உள்ள வீட்டு மருமகள் அப்படிப் போவது ஊரில் பேச்சாகியிருந்தது. அவர் கேட்டால் நான் மனு எழுதித் தருகிறேன், கொழுந்தன் மட்டும் தனியாக விற்றது செல்லாது என்று வாதாடலாம் என்றேன்.

"நான் கேட்டா, இன்னார் பொண்டாட்டிதான, உனக்கு இன்னா உரிமைம்பாங்க. அவரு வரட்டும். அவரு பாட்டன் வாங்கின படம், அவரே வந்து கேக்கட்டும்."

பூஜை அறையில் படம் இருந்த இடம் புகை படாமல் வெள்ளைச் சதுரமாக இருந்தது. அதன் அடியில், பாதம் வர வேண்டிய உயரத்தில், சுவரிலேயே சந்தனத்தால் இரண்டு பாதங்கள். மேலே யாரும் இல்லை.

"உங்க ஐயா வந்தாரு" என்றார். "குந்துனாரு. மோரு குடிச்சாரு. இதப் பாத்துக்கினே இருந்தாரு. பொறவு கெளம்பிட்டாரு."

காப்பாளரைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கும் போனேன். வீடு பூட்டியிருந்தது. மகள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலைமை: சண்டை முடிந்துவிட்டது. படங்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டன, நானும் திரும்பிவிட்டேன். அம்மன் படம் நிற்பவர் கண் உயரத்தில், அட்டையோடு மாட்டியிருக்கிறது. அட்டையை எடுக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. காப்பாளர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மலாயாவிலிருந்து கப்பல்களில் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். திண்டிவனத்து அம்மாளின் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.